சேர்ந்த வருடத்தின் கையேட்டைத் தேடிப் போன கதை

ஐந்தாவது செமஸ்டரின் இரண்டாவது வாரம். முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்வுக்குப் பதிவு செய்யத் துறை அலுவலகத்துக்குப் போனேன். பத்து நிமிட வேலைதானே என்று லேபில் சோதனையை ஓடவிட்டு வந்திருந்தேன். பொறுப்பாளர் மேடம் என் பதிவைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். பாடப் பட்டியலில் ஒரு வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. முதல் செமஸ்டரில் நான் விழுந்து விழுந்து படித்த பாடம் அது. "இது இளநிலை வரிசையில் இருக்கிற பாடம், உங்கள் கணக்கில் சேராது. மூணு கிரெடிட் குறையுது" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் மதிப்பு அலகு. மூன்று கிரெடிட் குறைந்தால் தகுதித் தேர்வு எழுத முடியாது, எழுதாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது, அடுத்த கட்டத்துக்குப் போகாவிட்டால் உதவித்தொகை உயராது, இன்னொரு பாடம் எடுக்க வேண்டுமென்றால் அது அடுத்த செமஸ்டரில்தான் நடக்கும். ஒரு சாம்பல் வரியால் எட்டு மாதம் போகும் நிலைமை. அந்தப் பாடத்தை எடுக்கச் சொன்னவர் லேபில் இருந்த சீனியர். அவரும் அதை எடுத்திருந்தார், அவருக்குக் கணக்கில் சேர்ந்தது. அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் என்னைவிட நான்கு வருடம் முன்னால் சேர்ந்தவர், அவ்வளவுதான்.

அன்று ராத்திரிதான் துறையின் கையேட்டை முதன்முதலாக முழுசாகப் படித்தேன். சேர்ந்து இரண்டு வருடம் கழித்து. நாற்பது பக்கம்கூட இல்லை, ஒரு ஆய்வுக் கட்டுரையைவிட எளிதான மொழி. இளநிலைப் பாடங்கள் எதுவும் கணக்கில் சேராது என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஆனால் முகப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது: இந்த விதிகள் இந்த ஆண்டு முதல் சேர்பவர்களுக்குப் பொருந்தும். அந்த ஆண்டு, நான் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு.

சேர்ந்தபோது எந்த விதி நடப்பில் இருந்ததோ அதுதான் பட்டம் வாங்கும்வரை அந்த மாணவருக்குப் பொருந்தும் என்பது பல பல்கலைக்கழகங்களில் உள்ள ஏற்பாடு. விரும்பினால் புதிய விதிக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் நம்மைக் கேட்காமல் அவர்களாக நம்மை மாற்றிவிட முடியாது. இது எனக்கு அன்றுவரை தெரியாது. சரி, என் ஆண்டின் கையேடு எங்கே? துறை இணையதளத்தில் இல்லை, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே முகவரியில் ஏற்றிவிட்டார்கள். அலுவலகத்திலும் அச்சுப் பிரதி இல்லை. கடைசியில் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் துறைப் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதிலிருந்து இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைத் தேதிவாரியாகக் காட்டுகிற இடம் அது. நான் சேர்ந்த ஆண்டின் செப்டம்பரில் எடுத்த ஒரு பிரதி இருந்தது. அதில் பதினொன்றாம் பக்கத்தில், வேறு பொறியியல் துறையில் இளநிலை முடித்து வந்தவர்கள் வழிகாட்டியின் ஒப்புதலோடு இளநிலை இறுதியாண்டுப் பாடம் ஒன்றை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நான் மெக்கானிக்கலில் இருந்து எலக்ட்ரிக்கலுக்கு வந்தவன். அந்த விதி எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது.

அடுத்து ஒப்புதலுக்கு ஆதாரம் வேண்டும். கைடு வாய்மொழியாகச் சரி என்று சொன்னது நினைவிருந்தது, ஆனால் அதை வைத்து என்ன செய்வது? மின்னஞ்சலைத் தோண்டினேன். முதல் செமஸ்டரில், பதிவுக்கு முந்தின நாள், "சார், இந்த மூன்று பாடங்களை எடுக்கலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். "நல்லது, எடுங்கள்" என்று இரண்டே சொல்லில் பதில். அந்த இரண்டு சொல்தான் என்னைக் காப்பாற்றியது. பழைய கையேட்டின் பக்கம், அந்த மின்னஞ்சல், ஒரு பக்க விண்ணப்பம், மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்த வரி கறுப்பாக மாறியது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொறியியல் படிப்பவர்கள் எந்தக் கருவியின் கையேட்டையும் பக்கம் விடாமல் படிப்போம், ஒரு சிப்பின் டேட்டாஷீட்டில் அடிக்குறிப்புவரை பார்ப்போம், ஆனால் நம் நாலைந்து வருடத்தை நடத்துகிற ஆவணத்தை யாராவது சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். சீனியரிடம் கேட்பது தப்பே இல்லை. எந்தப் பேராசிரியர் எந்தப் பாடத்தை நன்றாக நடத்துவார், எந்த லேப் கருவிக்கு முன்பதிவு நெரிசல் அதிகம், இதெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் எத்தனை கிரெடிட், எந்தத் தேதி, யார் கையொப்பம் என்பதை மட்டும் எழுத்தில் பாருங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தின் பொது விதி, துறையின் கையேடு, உங்களுக்கு வந்த சேர்க்கைக் கடிதம் மூன்றையும் இறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் விதமும் ஒன்று உண்டு. நெட்வொர்க்கிங் படித்தவர்களுக்கு இணையத் தரநிலைகளை எழுதுபவர்களுக்காக 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி 2119 என்ற சின்ன ஆவணம் தெரிந்திருக்கும். ஒரு விதியில் "வேண்டும்" என்றால் என்ன, "நல்லது" என்றால் என்ன, "செய்யலாம்" என்றால் என்ன என்று பிரித்துச் சொல்வதுதான் அதன் வேலையே. முதலாவது கட்டாயம். இரண்டாவதைத் தக்க காரணம் இருந்தால் விடலாம், ஆனால் விளைவை முழுசாக யோசித்துவிட்டு விட வேண்டும். மூன்றாவது உங்கள் விருப்பம். துறைக் கையேட்டையும் அதே கண்ணோடு படித்தேன். கட்டாயம் என்று வருகிற இடங்களுக்குச் சிவப்பு, பரிந்துரைக்கு மஞ்சள், "துறைத் தலைவரின் அனுமதியோடு" என்று வருகிற இடங்களுக்குப் பச்சை. பச்சை இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அனுமதியோடு வேறு துறைப் பாடம், அனுமதியோடு ஆய்வை மதிப்பிடும் குழுவுக்கு வெளி நிறுவனத்திலிருந்து ஒரு உறுப்பினர், அனுமதியோடு ஒரு செமஸ்டர் தொழிற்சாலைப் பயிற்சி. கேட்டால் கிடைக்கும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

இன்னொன்று, விதிகள் அடுக்கடுக்காக இருக்கும். பல்கலைக்கழகம் ஒன்று சொல்லும், துறை அதற்கு மேல் கொஞ்சம் கூட்டும், லேபுக்கென்று தனியாக ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். துறை கூட்டலாம், பொதுவாகக் குறைக்க முடியாது. லேபின் எதிர்பார்ப்பு எங்குமே எழுதியிருக்காது. இத்தனை கட்டுரை வந்த பிறகுதான் ஆய்வேடு என்பது பல இடங்களில் கைடு மனதில் இருக்கிற கணக்கு, பல்கலைக்கழக விதியில் வேறு எண் இருக்கும், சில சமயம் எண்ணே இருக்காது. எது எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும்.

கைடிடம் இதைக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கேட்டபோது அவர் கோபப்படவில்லை, பத்து நிமிடம் யோசித்துப் பதில் சொன்னார். அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: "சார், இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. முதல் பகுதி கட்டுரையாக இந்த வருடக் கடைசிக்குள், இரண்டாவது பகுதிக்கான அளவீடுகள் அடுத்த கோடைக்குள், அதற்குப் பிறகு ஆய்வேடு எழுதத் தொடங்கலாம். தப்பாகப் புரிந்திருந்தால் சொல்லுங்கள்." அவர் ஒரு இடத்தைத் திருத்தி அனுப்பினார். அதிலிருந்து எந்த முக்கியமான பேச்சுக்கும் இந்தப் பழக்கம்தான். இதில் நம்பாமை எதுவும் இல்லை. அவருக்கு ஏழு மாணவர்கள், நான்கு ப்ராஜெக்ட். ஆறு மாதம் முன்னால் நடைபாதையில் சொன்னதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அநியாயம்.

அலுவலகத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். துறையில் எல்லாரையும்விட விதி தெரிந்தவர் அந்தப் பொறுப்பாளர் மேடம்தான், பேராசிரியர்களே அவரிடம்தான் கேட்பார்கள். ஆனால் செமஸ்டரின் கடைசி வாரத்தில், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, "மேடம், நான் என்ன செய்யணும்?" என்று போய் நின்றால் அவரால் என்ன சொல்ல முடியும்? நான் பழகிக்கொண்டது, முதலில் நானே படித்துவிட்டு, "பதினான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது, என் நிலைமை இது, இரண்டாவது பத்தி எனக்குப் பொருந்துமா?" என்று கேட்பது. படிவத்தை முடிந்தவரை நிரப்பிக் கையில் வைத்திருப்பது. அப்படிப் போனபோதெல்லாம் அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். குழுவில் உள்ள ஒரு பேராசிரியர் அடுத்த வருடம் முழுக்க விடுப்பில் போகிறார், கையொப்பம் வேண்டுமானால் இப்போதே வாங்கிவிடுங்கள் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரியவே வழியில்லை.

பணத்துக்கு வருவோம். உதவித்தொகைக் கடிதத்தில் எல்லாரும் பார்ப்பது தொகையை மட்டும்தான். நானும் அப்படித்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, வருடத்தில் எத்தனை மாதம் வரும், கல்விக் கட்டணம் அதில் அடங்குமா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, எவ்வளவு காலத்துக்கு உறுதி, எதைப் பொறுத்து, இதெல்லாம் அதே கடிதத்தில் இருக்கும். என் கடிதத்தில் "நிதி கையிருப்பைப் பொறுத்து" என்ற சொற்கள் இருந்தன. மூன்றாம் வருடம் கைடின் ப்ராஜெக்ட் புதுப்பிக்கப்படவில்லை என்று தெரிந்த அன்றுதான் அந்தச் சொற்களின் கனம் தெரிந்தது. நல்லவேளையாக அவர் நான்கு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டார், துறையில் பாட உதவியாளர் இடத்துக்கு விண்ணப்பிக்க நேரம் இருந்தது. அதனால் இப்போது எல்லாரிடமும் சொல்வது: உங்கள் சம்பளம் எந்த ப்ராஜெக்டில் இருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது என்று கைடிடம் நேராகக் கேளுங்கள். மரியாதைக் குறைவான கேள்வி இல்லை அது.

கருத்தரங்குப் பயணத்துக்கு நிதி ஒரே இடத்தில் இருக்காது. துறை கொஞ்சம், பல்கலைக்கழகம் கொஞ்சம், மாணவர் சங்கம் கொஞ்சம், கருத்தரங்கை நடத்துபவர்கள் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். ஐ ட்ரிபிள் இ (மின்பொறியியல்), ஏ.சி.எம் (கணினி), சியாம் (பயன்பாட்டுக் கணிதம்) மாதிரியான துறைசார் அமைப்புகள் மாணவர்களுக்கென்று பயண உதவி வைத்திருக்கின்றன, பல கருத்தரங்குகளில் தன்னார்வலராக வேலை செய்தால் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஆனால் அநேகமாக எல்லாமே பயணத்துக்கு முன்னால் விண்ணப்பித்தால்தான் உண்டு. முதல் கருத்தரங்குக்குப் போய்வந்த பிறகு ரசீதுகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு போனேன், முன் அனுமதிப் படிவம் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. முழுச் செலவும் என் கையிலிருந்து போயிற்று. கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்த அதே நாளில் பயண நிதிக்கு விண்ணப்பியுங்கள், விமான போர்டிங் பாஸைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது லேபுக்கு வெளியே இருக்கிற, பலர் தொடவே தொடாத வசதிகள். முதலில் பொதுக் கணினித் தொகுதி. எங்கள் சிமுலேஷன்கள் ஸ்லர்ம் வழியாக ஓடும். ஸ்லர்ம் என்பது யாருடைய வேலை எப்போது எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் மென்பொருள், உலகின் பெரிய சூப்பர்கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. நான் ஒவ்வொரு வேலைக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 72 மணி நேரம் கேட்பேன், வரிசையில் மூன்று நாள், நான்கு நாள் காத்திருப்பேன். கணினித் தொகுதி அலுவலகத்தில் வாரம் ஒருமுறை ஆலோசனை நேரம் என்று ஒன்று உண்டு, ஒரு வருடம் கழித்துத்தான் அங்கே போனேன். அங்கிருந்தவர் என் பழைய வேலைகளின் கணக்கை எடுத்துக் காட்டினார். எந்த வேலையும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை, கேட்ட நினைவகத்தில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகியிருந்தது. "பெரிய வேலைகள் தொடங்கக் காத்திருக்கும் இடைவெளியில் சின்ன வேலைகளை ஸ்லர்ம் நுழைத்துவிடும். உன் வேலை சின்னதுதான், ஆனால் நீ பெரிதாகச் சொல்கிறாய், அது எப்படி நுழைக்கும்?" என்றார். அன்று மாலை ஏழு மணி நேரம் என்று போட்டு அனுப்பினேன், ராத்திரி சாப்பாட்டுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு வருடம் முழுக்க அந்த மூன்று நாள்களைச் சும்மா கொடுத்திருக்கிறேன்.

அதே கணினித் தொகுதியில்தான் பெரிய இழப்பும் நடந்தது. ஸ்க்ராட்ச் என்று ஒரு தற்காலிக இடம் தருவார்கள், வேகமானது, பெரியது. எங்கள் மையத்தின் விதிப்படி 30 நாள் தொடாத கோப்புகள் தானாக அழிந்துவிடும், அதற்குக் காப்புப் பிரதியும் கிடையாது. ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் திரையில் இதைத்தான் காட்டும். நான் படித்ததே இல்லை, கண் அதைத் தாண்டிப் போய்ப் பழகிவிட்டது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஒன்றரை மாதம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது இரண்டு மாத முடிவுகள் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. மறுபடி ஓட்ட ஐந்து வாரம் ஆயிற்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பார்கள், அதற்குப் பிறகு அதை ஒரு நாளும் விட்டதில்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் விடுப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றரை மாதம் போதவில்லை, அடுத்த செமஸ்டர் முழுக்க நான் அவர்களோடு இருக்க வேண்டியிருந்தது. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். முறையான விடுப்பு எடுத்தால் பல இடங்களில் பட்டத்துக்கான கால வரம்பு அந்தக் காலத்துக்கு நின்றுவிடும், திரும்பி வரும்போது இடம் அப்படியே இருக்கும். சொல்லாமல் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அது விலகியதாகக் கணக்காகி, மறுபடி சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டிய நிலைமை வரலாம். வீட்டில் இருப்பது இரண்டிலும் ஒன்றுதான், படிவம் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் விடுப்பில் உதவித்தொகை நிற்கும், காப்பீடு நிற்கலாம், வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு விசாவே கேள்விக்குள்ளாகலாம். அதனால் கையெழுத்துப் போடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் நிதி அலுவலகத்திலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். கைடிடம் சொல்லத் தயங்கிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டினேன். சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான்.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. பக்கத்து லேபில் என் நண்பர் ஒருவர், அவருக்கும் அவர் கைடுக்கும் பேச்சே நின்றுபோன கட்டத்தில் இருந்தார். பல பல்கலைக்கழகங்களில் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருப்பார், ஆம்புட்ஸ் என்று அழைப்பார்கள். அவர் எந்தப் பக்கமும் சாயாதவர், பேசியதை வெளியே சொல்லமாட்டார், அவரிடம் போவது புகார் கொடுப்பது ஆகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்கிற மாதிரி நிலைமைகளில் மட்டும் அந்த ரகசியத்துக்கு விலக்கு உண்டு. என் நண்பர் போய் ஒரு மணி நேரம் பேசினார். கைடை மாற்றுவதற்குக் கையேட்டில் ஒரு பிரிவே இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்லித் தீர வேண்டியதுகூட இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டு மாதத்தில் மாறினார். இன்று பட்டம் வாங்கி வேலையில் இருக்கிறார்.

நூலகத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சோதனைக்கு, பொருள்களைச் சோதிக்கும் முறைகளை வகுக்கிற ஏ.எஸ்.டி.எம் அமைப்பின் தரநிலை ஆவணம் ஒன்று தேவைப்பட்டது. அதைச் சொந்தக் காசில் வாங்கப் பொத்தானை அழுத்தப் போனேன். பொறியியல் பிரிவுக்கென்று இருக்கிற நூலகர், அந்தத் தொகுப்புக்கே பல்கலைக்கழகம் சந்தா கட்டுகிறது என்று ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். ஒரு பழைய ஆய்வேட்டைக் கேட்டேன், பத்து நாளில் ஸ்கேன் செய்து வந்தது.

கட்டுரை எழுதத் தொடங்கும்போது இன்னொரு வகை விதிகள் வரும். யார் பெயர் முதலில் என்பதை வேலை முடிந்தபிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். பாடக் கணக்கு கிரெடிட் இல்லை, கிரெடிட் (CRediT) என்ற பெயரிலேயே வேறொரு வகைப்பாடு இருக்கிறது, கருத்து, மென்பொருள், சோதனை, எழுத்து என்று 14 பங்களிப்பு வகைகளைப் பிரித்துக் காட்டும், பல ஆய்விதழ்கள் அதைக் கேட்கின்றன. நாங்கள் வேலை தொடங்கும் முன்னாலேயே அந்தப் பதினான்கையும் ஒரு தாளில் எழுதி, எதிரே பெயர் போட்டுக்கொண்டோம். நடுவில் இரண்டு முறை மாற்றினோம், சண்டை வரவில்லை. மனிதர்களிடம் கருத்துக் கேட்கும் ஆய்வாக இருந்தால், அது வெறும் கேள்வித்தாளாக இருந்தாலும், பல இடங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு சேகரிக்கும் முன்னால் வேண்டும், பின்னால் வாங்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் இருபது பேரிடம் எடுத்த தரவை அப்படியே ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று.

காப்புரிமை விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின்படி, விண்ணப்பிக்கும் முன் நீங்களே வெளியிட்டாலும் அது புதியது அல்ல என்று ஆகிவிடும், சில அபூர்வமான விலக்குகள்தான் உண்டு. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் இருக்கிறது. போஸ்டர் ஒட்டுவதும் வெளியீடுதான், இணையத்தில் ஏற்றிய ஆய்வேடும் வெளியீடுதான். எங்கள் சென்சார் வேலையைக் கருத்தரங்கில் காட்ட மூன்று வாரம் இருக்கும்போது லேபில் ஒருவர் சும்மா இதைக் கேட்டார், அப்புறம்தான் பல்கலைக்கழகத்தில் காப்புரிமைகளைக் கவனிக்கிற தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு ஓடினோம். போஸ்டருக்கு நான்கு நாள் முன்னால் விண்ணப்பம் போயிற்று. அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

கடைசியாக ஆய்வேடு. என்னுடைய மூன்று அத்தியாயங்கள் ஏற்கெனவே கட்டுரையாக வந்தவை. பதிப்புரிமையை வெளியீட்டாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோமே, மறுபடி எப்படிப் போடுவது என்று பயந்தேன். ஐ ட்ரிபிள் இ-யைப் பொறுத்தவரை, சொந்தக் கட்டுரையை ஆய்வேட்டில் சேர்க்கத் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பதிப்புரிமைக் குறிப்பு வேண்டும், இணையத்தில் ஏற்றும் ஆய்வேட்டில் ஏற்கப்பட்ட பிரதியை, அதாவது திருத்தங்கள் முடிந்து ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட நம் சொந்தக் கோப்பைத்தான் போட வேண்டும், அச்சாகி வந்த இறுதி வடிவத்தை அல்ல. மற்ற வெளியீட்டாளர்களுக்கு விதி வேறு, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஏற்கப்பட்ட பிரதியை நான் சேமித்து வைத்திருந்தேனோ இல்லையோ என்று தேடிய அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் வர வேண்டாம். ஏற்பு மின்னஞ்சல் வந்ததும் அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வடிவமைப்புச் சரிபார்ப்புக்கு முழு ஆய்வேடும் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு அத்தியாயத்தோடு முன்பக்கங்களைச் சேர்த்து முன்னாலேயே அனுப்பலாம். நான் அப்படி அனுப்பினேன். பதினேழு திருத்தங்களோடு திரும்பி வந்தது. ஓரம் தப்பு, பக்க எண் இருக்கும் இடம் தப்பு, உள்ளடக்கத்தில் இருக்கிற தலைப்பும் அத்தியாயத்தில் இருக்கிற தலைப்பும் ஒரு சொல் மாறியிருந்தது. லேபில் கைமாறிக் கைமாறி வந்த, ஆய்வேட்டுக்கு வடிவம் தரும் லேடெக் டெம்ப்ளேட்டைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன். யாரோ எட்டு வருடம் முன்னால் அன்றைய விதிப்படி சரியாகச் செய்து வைத்துவிட்டுப் போனது. இரண்டு நாள் உட்கார்ந்து அதை இப்போதைய விதிக்குத் திருத்தி, லேபில் எல்லாரும் கோப்புகளைப் பகிர்ந்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் போட்டேன். கூடவே மூன்று வருடக் கையேடுகளையும் இறக்கிப் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை, பெயரில் வருடம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டு வந்தாள். "எந்த வருஷம் சேர்ந்தேம்மா?" என்று கேட்டுவிட்டு அந்த வருடத்தின் கோப்புறையைத் திறந்து காட்டினேன். பதினொன்றாம் பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்தோம்.